நொய்யலில் ஓடும் கழிவு ஒரே வகையல்ல: மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர், உறுப்பினர் செயலர் மற்றும் உறுப்பினர்கள்,
தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம், சென்னை.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஒரத்துப்பாளையம் அணைக்கும் ஆறு காவிரியில் கலக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள ஊர்களில் ஒன்றில், தென்னையும் சோளத்தட்டும் வைத்துப் பிழைக்கும் உழவன் நான். சாயக்கழிவைப் பற்றி எங்கள் பகுதியிலிருந்து உங்களுக்கு வந்த மனுக்களுக்குக் கணக்கில்லை. அந்தக் கட்டில் இதையும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஏதோ ஒரு பட்டறையின் மீது புகார் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. நொய்யலில் கலக்கும் கழிவுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. அவை கேடு செய்யும் விதமும், அந்தக் கேடு தங்கியிருக்கும் காலமும் வேறு வேறு. ஆகவே அவற்றை அளப்பதும் தீர்ப்பதும் வேறு வேறாகத்தான் இருக்க முடியும். இதைப் பிரித்துப் பார்க்கத் தவறியதால், முப்பது ஆண்டுகளாக ஒரு கேட்டுக்குப் போட்ட மருந்து அடுத்த கேட்டைத் தொடாமலே விட்டு வந்திருக்கிறது என்பதை வாரியத்தின் முன் வைக்க விரும்புகிறேன்.

நொய்யல் பெரிய ஆறல்ல. வெள்ளியங்கிரி மலைச் சரிவுகளில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக ஏறக்குறைய 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே கொண்ட ஊருக்கு அருகே காவிரியில் சேர்கிறது. மழைக்காலத்தில் இருகரை தொட்டு ஓடி, கோடையில் வற்றி, இடையில் உள்ள அணைக்கட்டுகள் வழியாகக் குளங்களை நிரப்பிச் செல்வதே அதன் இயல்பு. சித்திரைச்சாவடி முதலான அணைக்கட்டுகளிலிருந்து பிரிந்த வாய்க்கால்கள்தாம் கிருஷ்ணாம்பதி, முத்தண்ணன் குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம், சூலூர்க் குளம் என்று ஒரு நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் வாழவைத்தன. கோடையில் வற்ற வேண்டிய அந்த ஆறு இன்று பல இடங்களில் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. வெளியூரிலிருந்து வருபவர்கள் பாலத்தின் மீதிருந்து பார்த்து, ஆற்றில் தண்ணீர் வருகிறதே என்று மகிழ்வார்கள்; வருவது என்னவென்று தெரிந்த உள்ளூர்க்காரர்கள் பேருந்தின் சன்னல் கண்ணாடியை இழுத்து மூடிக்கொள்வார்கள்.

அப்படி ஓடுவதில் பெரும்பங்கு வீட்டுச் சாக்கடை. குளியலறை, சமையலறை, கழிப்பறை என எல்லாம் சேர்ந்து ஓடைகள் வழியாக ஆற்றுக்கும் குளத்துக்கும் வருகிறது. சாக்கடையில் உள்ள மட்கும் பொருளை நுண்ணுயிர்கள் தின்று செரிக்கும்போது, தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அவை எடுத்துக்கொள்கின்றன. அந்தத் தேவையின் அளவைத்தான் பி.ஓ.டி. என்று உங்கள் ஆய்வகங்கள் குறிக்கின்றன. குளிப்பதற்கு ஏற்ற ஆற்றுநீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. ஆக்சிஜன் தீர்ந்துபோன தண்ணீரில் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவை விடுகின்றன. பாலத்தில் சன்னலை மூடவைப்பது அந்த வாயுதான். ஆராலும் கெண்டையும் அங்கே தங்குவதில்லை. எந்தத் தண்ணீரையும் தாங்கிக்கொள்ளும் ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கக் கெளுத்தியுமே மிஞ்சுகின்றன. சாக்கடையோடு வரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆகாயத்தாமரைக்கு நல்ல உரம். அது நீர்ப்பரப்பை மூடியதும் வெயில் உள்ளே இறங்குவதில்லை, காற்று கலப்பதில்லை. கொசு மட்டும் பெருகுகிறது. பொக்லைன் வைத்து அதை அள்ளுகிறார்கள், அள்ளிய இடத்தில் மறுபடியும் முளைக்கிறது. உரம் போடுவதை நிறுத்தாமல் களை பறிக்கும் இந்த வேலைக்கு ஒவ்வொரு முறையும் ஒப்பந்தப்புள்ளி கோரப்படுவதைக் காணும்போது, எங்கள் ஊரில் இப்படி ஒரு விவசாயி இருந்தால் அவனை என்ன சொல்வோம் என்று எண்ணிக்கொள்வேன்.

இருந்தாலும் நொய்யலின் கேடுகளில் சாக்கடைதான் எளிதில் ஆறக்கூடியது என்பதை நான் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். இது மட்கும் கழிவு. வரத்தை நிறுத்திவிட்டால், அல்லது சுத்திகரித்து விட்டால், ஓடுகிற நீர் காற்றோடு கலந்து தன்னைத் தானே பெருமளவு சீர்செய்துகொள்ளும். பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் உள்ளாட்சியின் பொறுப்பு என்பது உண்மைதான். ஆனால் 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் சாயப்பட்டறைக்கும் மாநகராட்சிக்கும் வேறுபாடு காட்டவில்லை. பட்டறை என்றால் 33ஏ பிரிவின்படி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிடும் வாரியம், உள்ளாட்சி என்றால் கடிதம் எழுதுவதோடு நின்றுவிடுவது கீழே இருக்கும் எங்களுக்குப் புரிவதில்லை.

அடுத்தது உலோகம். கோவையின் முலாம் பூசும் பட்டறைகளிலிருந்தும் வார்ப்பாலைகளிலிருந்தும் வரும் குரோமியம், நிக்கல், துத்தநாகம் ஆகியவை நிறத்தாலோ நாற்றத்தாலோ தம்மைக் காட்டிக்கொள்ளாதவை. தண்ணீரில் அவற்றின் அளவு குறைவாகவே இருக்கும்; ஏனென்றால் அவை குளத்தின் அடிச்சேற்றில் போய்ப் படிந்துவிடுகின்றன. அங்கிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து பறவைக்கும் நமக்கும் ஏறுகின்றன. உலோகம் மட்குவதில்லை. மேல்நீரை மட்டும் புட்டியில் பிடித்துச் சோதித்துவிட்டு குளம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அது சேற்றைப் பற்றிய சான்றிதழாகாது. வண்டல் மண் அள்ளி வயலில் போடுவது எங்கள் பழக்கம். அரசும் அதற்கு அனுமதி தருகிறது. நகரக் குளங்களின் வண்டலை அள்ள அனுமதிக்கும் முன் அதில் என்ன இருக்கிறது என்று சோதிப்பது வாரியத்தின் வேலையாக வேண்டும்.

இனி எங்கள் கேட்டுக்கு வருகிறேன். அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

பருத்திப் பின்னலாடைத் துணிக்குச் சாயம் ஏற்றும்போது, சாயம் தண்ணீரிலேயே நின்றுவிடாமல் நூலுக்குள் போய்ப் பிடிக்க உப்பு வேண்டும். சாதாரண உப்போ கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்), ஒரு லிட்டர் சாயக்குளியலுக்கு 40 முதல் 80 கிராம் வரை போடுவார்கள். கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான் உப்பு. அடர்ந்த கறுப்போ கருநீலமோ ஏற்ற வேண்டுமானால், ஒரு கிலோ துணிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ உப்பு செலவாகும். சாயத்தை நிலைநிறுத்தச் சோடா ஆஷ் வேறு. வேலை முடிந்ததும் துணியில் சாயம் இருக்கும், உப்பு இருக்காது. போட்ட உப்பு கிட்டத்தட்ட அவ்வளவும், ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தோடு சேர்ந்து, கழிவுநீரில் வெளியே வந்துவிடும். திருப்பூரின் உற்பத்தி பெருகப் பெருக, லாரி லாரியாக உள்ளே போன உப்பு அவ்வளவும் வாய்க்கால் வழியாக வெளியே வந்தது என்ற இந்த எளிய கணக்கைப் புரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை.

ஈரோடு, கரூர் மாவட்டப் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. மழைநீரைத் தேக்க எழுப்பிய அணையில் தேங்கியது சாயத்தண்ணீர். அதைத் திறந்துவிட்டால் கீழே உள்ள பயிரும் மாடும் கெட்டன; தேக்கி வைத்தால் சுற்றிலும் உள்ள கிணறுகளில் இறங்கியது. அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று பாசனதாரர்களே நீதிமன்றத்தில் கேட்கும் நிலை வந்தது. உலகில் வேறெங்கும் ஆயக்கட்டுக்காரர்கள் இப்படி ஒரு கோரிக்கை வைத்திருப்பார்களா என்று தெரியவில்லை.

அந்த ஆண்டுகளில் ஒன்றும் செய்யப்படவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன, வாரியமும் ஒப்புதல் அளித்தது. ஆனால் அன்றைய நிலையங்கள் செய்தது என்ன? சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தைத் திரட்டிப் படியவைத்தன. சிவப்பும் நீலமுமாக ஓடிய தண்ணீர் ஓரளவு தெளிந்தது. கரைந்திருந்த உப்போ ஒரு கிராம்கூடக் குறையவில்லை. சேர்த்த வேதிப்பொருளால் கொஞ்சம் கூடவும் செய்தது. இந்த மடலில் நான் சொல்ல வந்த சேதிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. நிறம் ஒரு கேடு, உப்பு மற்றொரு கேடு. கண்ணுக்குத் தெரிந்த கேட்டுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு, தெரியாத கேட்டைப் பல ஆண்டுகள் ஆற்றில் விட்டோம். வெளியேற்றும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு அப்போதும் ஏட்டில் இருந்தது.

அதன் பிறகு நடந்ததை வாரியம் அறியும். 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரே வெளிவராத முறைக்கு மாறக் கெடு விதித்து, அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு 6 காசில் தொடங்கி அபராதமும் விதித்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கெடு கடந்தும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பின்னரே உயிரியல் சுத்திகரிப்பு, உப்பைச் சவ்வால் பிரிக்கும் ஆர்.ஓ., அதில் மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் கொப்பரைகள் என்று முழு அமைப்பும் வந்தது. தண்ணீரில் பெரும்பகுதியும், உப்பில் ஒரு பகுதியும் திரும்பப் பட்டறைக்கே போகின்றன. இதற்கு ஆகும் செலவைத் தாங்கித் தொழில் நடத்துபவர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் பனியன் கம்பெனிக்குத்தான் பேருந்து ஏறுகிறார்கள். அந்தத் தொழில் நின்றுபோக வேண்டும் என்று இங்கே யாரும் நினைக்கவில்லை.

ஆனால் குழாயை மூடியதோடு கேடு நின்றுவிட்டதாக எண்ணுவதில்தான் எங்களுக்கும் அரசுக்கும் கருத்து வேறுபாடு. எங்கள் நிலத்தின் அடியில் இருப்பது பாறை. மேலே உள்ள மக்கிய மண்ணும், பாறையின் வெடிப்புகளுமே தண்ணீர் நிற்கும் இடம். இருபது ஆண்டு இறங்கிய உப்பு அந்த வெடிப்புகளில் உட்கார்ந்திருக்கிறது. நல்ல மழை பெய்தால் கிணற்றில் மேலாக நல்ல தண்ணீர் நிற்கும். மோட்டார் போட்டுச் சில நாள் இறைத்தால் மறுபடி உப்பு ஏறும். மழை குறைந்த இந்தப் பகுதியில் அது கழுவிக்கொண்டு போக எத்தனை தலைமுறை ஆகும் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

மண்ணுக்கு நேர்ந்தது இன்னும் நுட்பமானது. உப்பில் உள்ள சோடியம், களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கால்சியத்தை விலக்கிவிட்டு அதன் இடத்தில் அமர்கிறது. துகள்கள் பிரிந்து, மண்ணின் கண்கள் அடைபட்டு, ஈரம் காய்ந்ததும் மேல்மண் ஓடு கட்டிவிடுகிறது. மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று, வெயிலில் வற்றிப்போகும். வாய்க்கால் கரையோரம் உட்கார்ந்து பார்த்தால், ஈர மண் முடியும் கோட்டில் வெள்ளையாகப் பூத்திருப்பது தெரியும். விரலால் சுரண்டி நாக்கில் வைத்தால் முதலில் உப்பும் பிறகு ஒரு கசப்பும் படும். உப்பு மட்டும் சேர்ந்த உவர் நிலம் என்றால் நல்ல தண்ணீர் விட்டு அலசலாம். இப்படிச் சோடியம் பிடித்துக் களராகிவிட்டால் அலசினாலும் போகாது, ஜிப்சம் போட்டுக் கால்சியத்தைத் திரும்ப ஏற்றிய பிறகே அலச வேண்டும். அலசுவதற்கு நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? மஞ்சளும் வாழையும் நெல்லும் போட்ட காடுகளில் இன்று தென்னை மட்டும் நிற்பதற்குக் காரணம், தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் என்பதுதான். அதுவும் காய் சிறுத்துவிட்டது. காங்கேயம் மாடுகளுக்குப் பேர்போன சீமை இது. கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்து வரும் மாடு தொட்டியில் வாய்வைத்துவிட்டு நிமிர்ந்து நம்மைப் பார்க்கும். அதற்கும் குடிநீரைக் குழாயில் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அளவுகோலுக்கு வருகிறேன். நாட்டின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளை மத்திய வாரியம் பட்டியலிடுவது பி.ஓ.டி.யை வைத்துத்தான். 2018-ஆம் ஆண்டின் 351 பகுதிகள் கொண்ட பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து காவிரி, பவானி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி, தாமிரபரணி ஆகியவை இடம்பெற்றன. நொய்யல் இல்லை. இருபது ஆண்டு நீதிமன்ற வழக்கும், காலியாக வைக்கப்பட்ட அணையும், களரான நிலமும் அந்தப் பட்டியலின் கண்ணுக்குப் படவில்லை. ஏனென்றால் உப்புக்குப் பி.ஓ.டி. கிடையாது. உங்கள் ஆய்வகங்கள் உப்பு, குளோரைடு, உலோகம் எல்லாவற்றையும் அளக்கின்றன என்பதை அறிவேன். அவை ஏட்டில் இருக்க, ஆற்றின் தலைவிதியை எழுதும் பட்டியலுக்கு ஒரே ஓர் எண் மட்டும் போகிறது என்பதுதான் என் குறை. பட்டியலில் பெயர் வந்தால்தான் செயல்திட்டம் வரும், செயல்திட்டம் வந்தால்தான் நிதி வரும்.

இதற்கு நேர்மாறான குழப்பம் ஊர்களில் நடக்கிறது. தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். பேனா, சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது, இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அதைத் தண்ணீரில் முக்கி, 500-க்குள் காட்டினால் நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டுகிறார்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம் என்பதால், உப்பைப் பொறுத்தவரை அந்தப் பேனா சரிதான். ஆனால் சாக்கடை கலந்த தண்ணீரும் அதில் குறைந்த எண்ணையே காட்டலாம். மலக்கிருமியை அது அறியாது, குரோமியத்தைத் தனியே காட்டாது. பேனாவை நம்பும் மக்களுக்கு அது எதை அளக்கிறது, எதை அளக்காது என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவதற்கு வாரியத்துக்குப் பெரிய செலவாகாது.

உழவர்களாகிய எங்கள் தரப்பில் சேரும் கழிவையும் சொல்லாமல் விடக் கூடாது. தேவைக்கு மேல் போடும் யூரியா நைட்ரேட்டாகக் கிணற்றுக்கு இறங்குகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய் உடல் நீலம் பாரிக்கக்கூடும். தண்ணீரைக் காய்ச்சினால் நைட்ரேட் போகாது, செறிவுதான் கூடும். இந்த ஒரு செய்தி எங்கள் பகுதித் தாய்மார்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. இதற்கு மூட வேண்டிய குழாயோ துண்டிக்க வேண்டிய மின் இணைப்போ கிடையாது என்பதால் இது வாரியத்தின் பார்வைக்கு வருவதில்லை. வேளாண்மைத் துறையும் தன் வேலையாகக் கருதுவதில்லை. பனியன் கட்டிங் வேஸ்ட், பிளாஸ்டிக் பைகள், கோழிக்கடைக் கழிவு முதலியவை ஆற்றில் கொட்டப்படுவது பற்றிச் செய்தித்தாள்களே தினமும் எழுதுகின்றன. நான் கூட்டுவதற்கு ஒன்றுமில்லை.

கழிவைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்துவிட்டால் அதோடு கதை முடிந்தது என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பாலாறு சாட்சி. வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பின் வழியே அமைந்த ஆணையம் 2001-இல் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாக அடையாளம் கண்டது. ஆனால் கால் நூற்றாண்டு கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, இழப்பீட்டையும் சீரமைப்பையும் பற்றி அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு குவிந்து, ஒவ்வொரு மழைக்கும் கசிந்துகொண்டிருந்ததை நாடறியும். 2015 ஜனவரி 31 அதிகாலையில், அதே இராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றுக்குப் போகாமல் தடுக்கப்பட்ட கழிவு அவர்கள் மீது சரிந்தது. திருப்பூரில் ஆர்.ஓ.வுக்கும் கொப்பரைக்கும் பிறகு மிஞ்சும் கலப்பு உப்பு, எதற்கும் பயன்படாமல், மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இராணிப்பேட்டை நினைவுக்கு வருகிறது. அது மழையில் நனைந்தால் மறுபடியும் எங்கள் கிணற்றுக்குத்தான் வரும்.

ஆகவே சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஆற்றில் மட்டும் நீர்மாதிரி எடுப்பதை விடுத்து, ஒரத்துப்பாளையத்திலிருந்து காவிரி வரை ஆற்றின் இருபுறமும் கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் தேர்ந்தெடுத்து, அதே கிணறுகளில் ஆண்டுதோறும் கோடையிலும் மழைக்குப் பின்னும் சோதித்து, உப்பு, சோடியம், நைட்ரேட், உலோகம் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஊர்வாரியாகத் தமிழில் வெளியிடுங்கள். ஒட்டுமொத்தமாக நல்லது, கெட்டது என்று ஒரு சொல்லில் சொல்லும் அறிக்கையால் எங்களுக்குப் பயனில்லை. என் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகாது என்றாலும், மாட்டுக்கு ஆகுமா, தென்னைக்கு ஆகுமா, சோளத்துக்கு ஆகுமா என்பதே நான் அறிய விரும்புவது.

கலப்பு உப்பும் கழிவுச்சேறும் எந்த நிலையத்தில் எவ்வளவு இருக்கின்றன, எந்தத் தரையின் மீது இருக்கின்றன, எங்கே அனுப்பப்படுகின்றன என்ற கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். மாசடைந்த ஆற்றுப் பகுதிகளை அடையாளம் காண்பதில் கரைந்த உப்பையும் அடிச்சேற்று உலோகத்தையும் சேர்க்க வேண்டுமென மத்திய வாரியத்துக்கு எழுதுங்கள். சாயமும் தோலும் பெருந்தொழிலாக உள்ள மாநிலத்தின் வாரியம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழிற்சாலைகள் வரக் கூடாது என்ற 1989-ஆம் ஆண்டு அரசாணை 213 நொய்யலைப் பொறுத்தவரை இன்று எந்த அளவில் நடைமுறையில் உள்ளது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். திருப்பூர் அருகே உள்ள நஞ்சராயன் குளம் 2024-இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது மகிழ்ச்சிதான். அதற்கு நீர் கொண்டுவரும் நல்லாற்றின் நிலை அந்தப் பெயருக்கு ஏற்றதாக இருக்கிறதா என்று பார்க்கும் கடமை இப்போது கூடியிருக்கிறது.

பெருமழை நாட்களில் ஆற்றில் திடீரென நுரையும் நிறமும் வருவதாகக் கீழே உள்ள ஊர்க்காரர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அதிகாரிகள் வந்து மாதிரி எடுப்பதோ வெள்ளம் வடிந்த மறுநாள், பெரும்பாலும் அலுவலக நேரத்தில். இரவில் வரும் கழிவைப் பகலில் அளந்து பயனில்லை. அணைக்கு மேலேயும் கீழேயும் தானாகவே உப்பளவைப் பதிவுசெய்யும் கருவிகளை ஆற்றிலேயே நிறுவி, அந்த எண்களைச் சுத்திகரிப்பு நிலையங்களின் இணையவழிக் கண்காணிப்போடு சேர்த்து யாரும் பார்க்கும்படி வைத்தால், பட்டறைக்காரர்கள் மீது வீண்பழி வருவதும் நிற்கும், எங்கள் புகார்களில் உண்மை எது என்பதும் தெரிந்துவிடும். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இந்த ஒன்றையாவது செய்துவிட முடியும். கருவி வைக்க இடம் வேண்டுமென்றால், ஆற்றங்கரையில் உள்ள எங்கள் காடுகளில் தருவதற்கு உழவர்கள் அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
நொய்யல் கீழ்ப்பாசனப் பகுதி உழவன்